தொட்டில் துணி

"குழந்தை மூத்திரத் துணியெல்லாம் இப்படிக் கரேல்னு ஆயிடுத்தே! நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்!" ஸ்ரீரங்கமே கேட்கும்படி கத்தினாள் குமுதவல்லி.

சலவைக்காரி மருதாயிக்கு நாற்பது வருஷப் பிழைப்பு ஆட்டம் கண்டது.

நல்லவேளை, குழந்தையைப் பார்க்க வந்திருந்தார் டாக்டர் கஸ்தூரிரங்கன். அதே வீதியில் பிறந்து, பட்டணத்தில் படித்தவர். துணியைக் கண்டதும் துள்ளினார்.

"வெளுத்தவ மேல தப்பே இல்லே. இது பரம்பரை வியாதி. மூத்திரம் காத்துப் பட்டா கறுத்துடும். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும். நான் பார்க்கிற முதல் கேஸ்!"

"எனக்கு ரெண்டாவதுங்க" என்றாள் மருதாயி.

டாக்டர் அவசரமாக நோட்டைப் பிரித்தார். "ஆராய்ச்சிக்கு வேணும். அந்தக் குழந்தை உயிரோட இருக்கா?"

"ரெங்கநாதர் புண்ணியத்துல நல்லாருக்குங்க. அந்தத் துணிக்காக உங்கம்மா என்னைப் பேசாத பேச்சில்லீங்க."