இருபத்தாறில் பதினாறு

"ரெண்டாவது மெஷின்னு எழுதிட்டேன்மா. நாளையிலேருந்து அதுல தைக்கிறவங்க வர வேண்டாம்" என்றார் செல்லதுரை.

"அது சரியா வராதுங்க சார்" என்றாள் ரிஜிஸ்டரோடு எதிரில் நின்ற பெண்.

செல்லதுரை நிமிர்ந்து பார்த்தார். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் அதிகாரி அவர். ஆலைக்குச் சாக்கு தைத்துக் கொடுக்கும் இந்தப் பெரம்பலூர்ப் பட்டறைக்கு விசாரணைக்காக வந்திருந்தார். மூன்று நாளைக்கு முன்னால் லாரியில் மூட்டை அடுக்கும்போது ஒரு சாக்கின் அடித்தையல் விட்டு, வெள்ளைச்சாமி என்ற சுமைதூக்கியின் கண்ணெல்லாம் சிமெண்ட். திருச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒரு கண் தேறிவிடுமாம். இன்னொன்றைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. அந்தச் சாக்கைத் தைத்தவரை நிறுத்தினால்தான் மூட்டையைத் தொடுவோம் என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பட்டறையில் இரண்டே தையல் மெஷின். இரண்டிலும் ஒரே நூல், ஒரே தையல். எந்தச் சாக்கு எதில் தைத்தது என்பதற்கு அடையாளம் கிடையாது. முதலாளி ராசாங்கம் வெளியூரில் இருந்தார். நீங்கள் எழுதுகிறபடியே செய்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து காட்டியது இந்தப் பெண்தான்.

இழுத்துப் பார்த்த சோதனையில் முதல் மெஷினின் சாக்கு நூற்றுக்கு இரண்டு பிரிந்திருந்தது. இரண்டாவதில் நூற்றுக்கு ஐந்து. அதில் தைக்கும் சின்னப்பிள்ளை என்ற பெண் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேறென்ன வேண்டும்?

"ரெண்டாவதுதானேம்மா மோசம்?"

"மோசம்தாங்க சார். ஆனா நீங்க தேடுறது மோசமான மெஷினையா, இந்த ஒரு சாக்கு வந்த மெஷினையா?"

அவளே விளக்கினாள். சின்னப்பிள்ளையின் மெஷின் பழசு, பாதி நேரம் நின்றுவிடும். ஆயிரம் சாக்கு வெளியே போனால் அதில் தைத்தது இருநூறுதான். மீதி எண்ணூறும் முதல் மெஷின். இருநூறில் நூற்றுக்கு ஐந்து என்றால் பத்து. எண்ணூறில் நூற்றுக்கு இரண்டு என்றால் பதினாறு. ஆக, பிரியக்கூடிய இருபத்தாறு சாக்கில் பதினாறு முதல் மெஷினுடையது.

செல்லதுரை தாளில் தானும் போட்டுப் பார்த்தார். அதே விடை. எங்கே படித்தாய் என்று கேட்டார். குரும்பலூரில் பிளஸ் டூ, அதற்கு மேல் வீட்டில் அனுப்பவில்லை என்றாள்.

"அப்ப முதல் மெஷின்ல தைக்கிறவங்களுக்கு வேலை தெரியலையா?"

"நல்லாத்தான் தைப்பாங்க சார். நெறைய தைக்கிறதால நெறைய விழுது. அவங்கதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒருத்தரை எழுதியே ஆகணும்னா, கணக்கு அவங்களைத்தான் காட்டுது."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. தினமும் பார்த்துப் பழகிய ஒருத்தியின் பிழைப்பு போகிறதே என்று இந்தப் பெண்ணுக்குத் துளி வருத்தம்கூட இருக்காதா என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் கணக்கில் பிசகில்லை. 'இரண்டாவது' என்பதை அடித்துவிட்டு 'முதல்' என்று எழுதினார்.

"சரி, முதல் மெஷின்காரங்களை வரச் சொல்லும்மா. கையெழுத்து வாங்கணும்."

அவள் நகரவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, முதல் மெஷின் தையல்காரர் என்றிருந்த இடத்துக்கு நேரே 'சுகன்யா' என்று தன் பெயரை எழுதினாள்.