அன்றைய ட்யூட்டி

"இவர் வாயில்லாப் பூச்சி சார்! அதனாலதானே ஆளாளுக்கு இவர் தலையில மிளகாய் அரைக்கிறீங்க?"

அவள் மேஜையைத் தட்டிய வேகத்தில் மேனேஜரின் டீ தளும்பிச் சட்டையில் தெறித்தது. வேலை நீக்கக் கடிதம் வீட்டுக்கே தபாலில் வந்திருந்தது. படித்த கையோடு கணவனை இழுத்துக்கொண்டு மில்லுக்கு வந்துவிட்டாள்.

நூல் காயவைக்கும் டிரையரை ஓட்டுகிற கணவன், அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்தான். "நீ கொஞ்சம் வெளியில உட்காரும்மா. நான் தனியாப் பேசிட்டு வரேன்."

"நீங்க பேசிக் கிழிச்சதெல்லாம் போதும்."

மேனேஜர் மில்லுக்குப் புதுசு. எதிரே நிற்கிற ஆளை நம்பமாட்டார். ரிப்போர்ட்டில் வந்தால் பேயையும் நம்புவார். "ஆகஸ்ட் அஞ்சாம் தேதி டிரையர் எரிஞ்சுது. அன்னைக்கு அதுல யாரு ட்யூட்டின்னு ரிப்போர்ட்டைக் கேட்டா, இவர் பேரைச் சொல்லுது. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"அன்னைக்கு இவரை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்களாம். டிரையர் பக்கமே போகலையாம். எரிஞ்ச சேதி வந்தப்பவே என்கிட்ட சொன்னாரே!"

"விடும்மா, நம்ம நேரம்," என்றான் கணவன். "வேற வேலை தேடிக்கலாம்."

"வேற வேலை என்ன, கொல்லையில காய்ச்சுத் தொங்குதா? பையனை இப்பத்தான் காலேஜ்ல சேர்த்திருக்கோம், ஞாபகம் இருக்கா?"

ரிப்போர்ட் தயாரிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"இதுல ரெண்டு டேபிள் இருக்குங்க. எந்த மெஷின் எப்போ பழுதாச்சுன்னு ஒண்ணு. யாருக்கு எப்போ எங்கே ட்யூட்டின்னு இன்னொண்ணு. தேதியை வச்சு ரெண்டையும் இணைச்சிருக்கோம். பழுதான தேதியைப் பார்த்து, ட்யூட்டி டேபிள்ல அதே தேதியில இருக்கிற பேரை எடுத்துட்டு வரும்."

சொல்லிக்கொண்டே வந்தவளின் விரல் நின்றது. "அச்சச்சோ! பழுது டேபிள்ல நாள் முதல்ல, மாசம் அடுத்து. சாஃப்ட்வேர் அதைத் தலைகீழாப் படிச்சிருக்கு. ஆகஸ்ட் அஞ்சை மே எட்டுன்னு நினைச்சு, அன்னைக்கு டிரையர்ல இருந்த இவரைப் புடிச்சுட்டு வந்திருக்கு!"

"பார்த்தீங்களா! நான் சொல்லல?" மனைவிக்குக் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது.

"மேடம்... பரவாயில்ல மேடம். அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும்." கணவன் லேப்டாப்பை மூடப்போகிறவன்போல் கையை நீட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நல்லது செய்தே தீருவது என்று கிளம்பியவர்களை யாரால் நிறுத்த முடியும்?

ரிப்போர்ட் பெண் தேதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மன்னிச்சுக்கோப்பா! டிரையர்ல இருந்தது வேற ஆள். நீ அன்னைக்கு மில்லுக்கே வரலையே, லீவு போட்டிருக்கே! நாளைக்கே வந்து வேலையில சேரு."

நன்றி சொல்ல வாயெடுத்த மனைவி, வாயை மூடிக்கொண்டு மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"லீவா?"

கணவன் அவளைப் பார்க்கவில்லை. ஓடிப்போய் மேனேஜரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டான்.

"சார், டிரையரை எரிச்சது நான்தான் சார்!"