பஸ் நிறுத்தத்து வசனம்

மதியக் காட்சி. பாதி நாற்காலிகள் காலி. ஏசி எங்கள் வரிசையை மட்டும் குறிவைத்து ஊதுகிறது; திரை வெளிச்சத்தில் என் மனைவியின் மூக்குக் கண்ணாடி நீலமாக மினுங்குகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதே படத்தை அதன் சொந்த மொழியில் பார்த்தோம். அந்த மொழியில் எனக்குத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது. அவள் அந்த மொழி பேசும் ஊரில் படித்து வளர்ந்தவள்; படம் முழுக்க என் காதோரம் கிசுகிசுத்தே மொழிபெயர்த்தாள். அந்தக் காது இன்றைக்கும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது. இப்போது அதே கதையைத் தமிழில் எடுத்திருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து, "ஒரிஜினல் மாதிரி வருமா" என்று முனகிக்கொண்டே இருக்கிறேன், என்னமோ நானே எடுத்த படம் மாதிரி. இதோ, பஸ் நிறுத்தக் காட்சி. மழை விட்டிருக்கிறது, ஈர பெஞ்சில் காதலர்கள் இருவரும். ஆபீசில் ஒருத்தரையும் விடாமல் பிடித்துவைத்து நான் சொல்லிக்காட்டும் வசனம் இப்போது வர வேண்டும். கதாநாயகி எழுந்து, "பஸ் வந்துருச்சு, கிளம்பறேன்" என்கிறாள். அவ்வளவுதான்.

"கெடுத்துட்டானுங்க" என்கிறேன். "'உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தா வீட்டுக்குப் போகவே தோணலை'ன்னு சொல்லுவாளே, அதைத் தூக்கிட்டானுங்க."

"மெதுவா பேசுங்க. ஒரிஜினல்லயும் பஸ் வந்துருச்சுன்னுதான் சொன்னா."

"அப்ப நீ என் காதுல சொன்னது?"

அவள் தலையைக் குனிந்து, தீர்ந்துபோன பாப்கார்ன் பொட்டலத்துக்குள் எதையோ மும்முரமாகத் தேடுகிறாள்.

"அது நான் சொன்னது."