கண்ணுக்கெட்டிய தூரம்

"தண்ணிக்குள்ள எவ்வளவு தூரம் கண்ணு தெரியும் மேடம்?"

உள்ளே வந்த பெண் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். நர்ஸ் யூனிஃபார்ம், தோளில் பை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். மூக்கு அச்சு அசல் அதே மூக்கு.

மேசைக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளருக்கு, எல்லோரும் கூப்பிடுகிற பெயரில் சொன்னால் கோச்சக்காவுக்கு, வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் இந்த ஸ்கூபா கிளப்பை அவள் ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த சீசனுக்கு ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எட்டாவது ஆள் வந்தால்தான் படகை எடுப்பேன் என்று படகுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். சாயங்காலம் ஐந்து மணி வரை கெடு. இப்போது நாலரை.

"முதல்ல உட்காருங்கம்மா. எதிர்த் தெரு கிளப்புக்குப் போய்ட்டுதானே வர்றீங்க?"

"எப்படித் தெரியும்?"

"கையில அவங்க நோட்டீஸ் இருக்கே!" கோச்சக்கா சிரித்தாள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. "நாற்பது மீட்டர் ஆழம், மூழ்கின கப்பல், அலமாரி நிறையக் கோப்பை. இதைத்தானே சொன்னாங்க?"

"ஆமா. ஆனா தண்ணி கலங்கலா இருக்குமாம். டார்ச் தர்றோம்னாங்க. சரிப்படாதுன்னு வந்துட்டேன். இதோட இது நாலாவது கிளப்."

நாலாவதா! வீடு வாங்குகிறவர்கள்கூட இப்படி அலைய மாட்டார்கள். காட்ட ஒரு கோப்பைகூட இல்லாத தன் அலமாரியைக் கோச்சக்கா திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"உள்ளதைச் சொல்லிடுறேன். எங்க இடம் ஆறு மீட்டர்தான். ஆழத்தைச் சொல்லிப் பீத்திக்க ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும். இருபது மீட்டர் தள்ளிப் போற மீனு உடம்புல எத்தனை கோடுன்னு எண்ணலாம்."

"மழை பெஞ்சா?"

"ரெண்டு நாள் கலங்கும். அந்த ரெண்டு நாளும் நாங்க போக மாட்டோம்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவரோ மேசைமேல் பார்வைக்கு வைத்திருந்த மூச்சுக்குழாயைக் கையில் எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

பாவம், மகளை நினைத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார் மனுஷன், என்று கோச்சக்கா கணக்குப் போட்டாள்.

"அப்பா, பயப்படாதீங்க. கூடவே இருந்து உங்க பொண்ணைக் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்குவேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "பயம்லாம் இல்லம்மா. இதுல ஒரு வாஷர் லேசா தேஞ்சிருக்கு. மாத்திடுங்க."

கோச்சக்கா வாங்கிப் பார்த்தாள். அட, ஆமாம்!

"குழாய் ரிப்பேர் வேலையாப்பா?"

"கிட்டத்தட்ட அந்த மாதிரிதாம்மா." அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"மேடம், இங்கேயே சேர்ந்துடலாம்," என்று அந்தப் பெண் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து வைத்தாள். "டாக்டர் சர்டிபிகேட்கூட ரெடி."

மணி நாலே முக்கால். கோச்சக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபாரத்தை இழுத்தாள். பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.

"வயசு? முப்பது இருக்குமா?"

"அறுபத்திரண்டு."

பேனா நின்றது. "உங்க வயசைக் கேட்டேம்மா."

"ஐயோ, எனக்குத் தண்ணின்னாலே அலர்ஜி மேடம்! பக்கெட்டுக்கு மேல ஆழம் தாங்காது. சேரப் போறது அப்பா."

போட்ட கணக்கெல்லாம் போச்சு! கோச்சக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள். எட்டாவது ஆளை விடவும் மனசில்லை; அதற்காக ஒரு வயசானவரைத் தெரிந்தே கடலில் இறக்கவும் மனசில்லை.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இது விளையாட்டு இல்ல. இதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள இறங்கின அனுபவம் ஏதாவது..."

பெரியவர் தரையைப் பார்த்தார். மகள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"முப்பத்தொரு வருஷம் மேடம். துறைமுகத்துல, தண்ணிக்கு அடியில போய், கப்பலோட அடிப்பாகத்துக்கு வெல்டிங் வைக்கிறவர் எங்கப்பா. அந்த வேலையிலதான் என்னை நர்ஸாக்கினார்."

கோச்சக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். முதல் வேலையாகப் படகுக்காரருக்கு போன் போட்டாள். "எட்டு பேர் ஆச்சு! படகை ரெடி பண்ணுங்க. எட்டாவதா வந்திருக்கிறது யாருன்னு தெரிஞ்சா நீங்களே எழுந்து நிப்பீங்க!" போனை வைத்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. "ஏம்மா, இவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுவந்து என்னோட ஆறு மீட்டர்ல சேர்க்கிறீங்களே? அந்த நாற்பது மீட்டர் கிளப்காரங்க தலையில தூக்கி வச்சுக்குவாங்களே!"

அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துறைமுகத் தண்ணி பூரா எண்ணெயும் சேறும் மேடம், நீட்டின கைகூடத் தெரியாது, எல்லா வேலையும் இப்படித் தடவித்தான். முப்பத்தொரு வருஷம் கடலுக்குள்ள இருந்தும் எங்கப்பா அதுல ஒரு மீனைக்கூடப் பார்த்ததில்ல."