அறுபத்தொன்றாம் படகு

அது மறுபடியும் செத்தது.

அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். தொண்ணூறு வினாடி. கூடவுமில்லை, குறையவுமில்லை.

மறுபடி எழுந்தது. முதல் படகில் தொடங்கி ஒவ்வொரு படகுக்காக எச்சரிக்கையை அனுப்பியது.

மாலை ஐந்து மணிக்குமேல் காற்று வலுக்கும். உடனே கரை திரும்பவும்.

இருபத்திரண்டாம் படகுக்குப் போனது. செத்தது.

இரண்டாம் சனி. பகல் இரண்டே கால். குளச்சல் கடலைப் பார்த்த அந்த எச்சரிக்கை நிலையத்தில் அவளைத் தவிர யாருமில்லை. விடுமுறை நாள் பணியை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். மற்றவர்களுக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

போன வாரம்தான் இயந்திரத்தை மாற்றினார்கள். பழையதை உப்புக்காற்று தின்றிருந்தது. செத்துச் செத்து எழுந்த, செய்தி அனுப்பும் கணினி நிரல் மட்டும் பழையது. அதை எழுப்புவதும் நிறுத்துவதும் புது இயந்திரத்தில் இருக்கும் மேலாளர். ஆளில்லை, அதுவும் ஒரு நிரல்தான். எழுப்பிய நிரல், தான் தயார் என்று தொண்ணூறு வினாடிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொன்றுவிட்டு மறுபடி எழுப்பும்.

நிறுவியவர் ஐந்து படகுகளை வைத்துச் சோதித்தார். ஐந்துக்கும் போனது. கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். மேலாளரின் கடவுச்சொல் அவரிடம். அவர் செல்போன் அணைந்திருந்தது.

மேசைமேல் இருந்த அவளுடைய செல்போன் அடித்தது. கரைக்குப் பக்கத்தில் இருந்த ஏழாம் படகின் ஜெரோன்ஸ்.

“என்ன பிரிஜித்து, எத்தன தடவதான் அனுப்புவ? ஆறு தடவ வந்தாச்சு. நாங்க வந்துக்கிட்டுதான இருக்கோம்.”

“வாங்கண்ணே” என்றாள். “இருபத்திரண்டுக்கு அப்புறம் உள்ளவங்களுக்குத்தான் போவல.”

அவர் என்னவோ கேட்டார். அதற்குள் வைத்துவிட்டாள்.

பட்டியல், படகுகள் பதிவான வரிசையில் இருந்தது. கடைசி எண் அறுபத்தொன்று. போன வருடம் கடலில் இறங்கிய படகு.

கிளீட்டசின் படகு.

அவள் தம்பி. அவன் பார்த்த மாப்பிள்ளையை, நிச்சயத்துக்கு ஊர் கூடியிருந்தபோது, அவள் வேண்டாம் என்றாள். அன்று அவன் பேச்சை நிறுத்தினான். இரண்டு வருடம் மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் ஆண்கள் பக்கம் அவன் பிடரி தெரியும். அவ்வளவுதான்.

படகு பதினெட்டுக் கடல்மைலில் நின்றது. செல்போன் எட்டாத தூரம். கரைக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம்.

நிரலைக் கையால் ஓட்டிப் பார்த்தாள். மேலாளர் எழுப்பாத எதற்கும் ஒலிபரப்பி திறக்கவில்லை.

பழைய கையேட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

நாற்பதாம் பக்கத்தில் இருந்தது.

பழைய நிரல் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. தயாரானதும் மூன்றாம் எண் வெளியீட்டு வழியில் ஒரு வெற்று வரி எழுதும். பழைய மேலாளருக்கு அது போதும். புதியது அந்தப் பக்கமே திரும்பாது. ‘தயார்’ என்ற சொல் தன்னுடைய செய்திப் பெட்டியில் விழ வேண்டும் அதற்கு.

இரண்டையும் மாற்ற அவளுக்கு வழியில்லை.

நடுவில் ஒன்றை வைக்கலாம்.

எழுதினாள். முப்பத்தைந்து வரி. பழைய நிரலை எழுப்பு. மூன்றாம் வழியில் காது வை. வெற்று வரி வந்ததும் மேலாளரின் பெட்டியில் சொல்லைப் போடு. பழையதன் பெயரை மாற்றிவைத்து, அந்தப் பெயரைத் தன்னுடையதற்குக் கொடுத்தாள். மேலாளர் இதை எழுப்பும். இது பழையதை எழுப்பும்.

முதல் முறை எழும்போதே விழுந்தது. ஓரிடத்தில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு என்று அடித்திருந்தாள்.

திருத்தினாள்.

இருபதாம் வினாடியில் மேலாளரின் வரி திரையில் வந்தது. தயார்.

தொண்ணூறு கடந்தது.

தொண்ணூற்றொன்று.

இருபத்து மூன்றாம் படகுக்குப் போனது. இருபத்து நான்கு. முப்பது. அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அன்று காலையிலிருந்து தொலைபேசிக்கு வெளியே எழுந்த முதல் குரல் அது.

மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு அறுபத்தொன்றுக்குப் போனது.

நிரல் நின்றது. சாகவில்லை. வேலை முடிந்து சும்மா இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். வெற்று வரி, மேலாளர், பெட்டி. யாரிடம் எங்கிருந்து தொடங்குவது. செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

படகுக் கருவியில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. செய்தி கிடைத்ததும் அழுத்த வேண்டும். அழுத்தும் ஒவ்வொரு முறைக்கும் இங்கே திரையில் படகின் எண்ணுக்கு எதிரே ஒரு புள்ளி விழும். பலர் அழுத்த மாட்டார்கள். அழுத்தச் சொல்லி மாதாமாதம் சுற்றறிக்கை போடுகிறார்கள்.

முப்பத்தொன்றில் புள்ளி விழுந்தது. நாற்பத்தாறில். ஐம்பத்தெட்டில்.

மூன்று பதினொன்றுக்கு அறுபத்தொன்றில்.

நான்கு மணிக்குத்தான் பணி முடியும். விடுமுறைச் சனிக்கிழமைகளில் இங்கே யார் இருப்பார்கள் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கிளீட்டசுக்கும்.

திரையை விட்டு எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள்.

அறுபத்தொன்றுக்கு எதிரே இரண்டு புள்ளிகள் இருந்தன.

பழைய நிரல் மறுபடி செத்து எழுந்து, இன்னொரு முறை அனுப்பிவிட்டதோ. பதிவைத் திறந்தாள். மேலிருந்து கீழே, விரலை வைத்துப் படித்தாள்.

அறுபத்தொன்றுக்குச் செய்தி ஒருமுறைதான் போயிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விழுந்தது.