இரண்டு ஜன்னல் சீட்டு

"பாரீஸு அம்மணியோட இஷ்டம். ரோமு என்னோட இஷ்டம். வெனிஸு ரெண்டு பேருக்கும் பொது. எழுதிக்க கண்ணு" என்றார் நஞ்சுண்டன்.

ஜோவிதாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. கணபதி பகுதியில் இருக்கும் இந்த டிராவல்ஸில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ ஜோடிகளை அவள் ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள். சண்டையில்லாமல் ஊர்களைச் சொல்லி முடித்த முதல் ஜோடி இதுதான். போன வாரம் வந்தவர்கள், சுவிட்சர்லாந்தா கிரீஸா என்று ஆரம்பித்து, ஆளுக்கொரு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள்.

"தேதி சொல்லுங்க சார், டிக்கெட் பார்த்துடலாம்."

"தேதி கெடக்குது, கடைசீல சொல்றேன். மொதல்ல மத்த சங்கதியெல்லாம் பேசிரலாம். சாயங்காலம் பால் கறக்கறதுக்குள்ள காங்கேயம் போயிரோணும்."

பக்கத்தில் அவர் மனைவி ராமாமணி, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ஈபிள் கோபுரப் படத்தைக் கண்ணாடிக்கு மேலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பது வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி ஐரோப்பாதான் பாக்கி என்று இருவரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்.

ஜோவிதா தன் செல்போனை ஓரக்கண்ணால் பார்த்தாள். கட்டிக்கொள்ளப்போகிற லியோவுக்கு அடித்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த வாசகம் அதில் காத்திருந்தது. 'மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடலாம்.'

அவர்கள் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. அதற்குள் தேனிலவில் முட்டிக்கொண்டது. அவளுக்கு வெனிஸ். அவனுக்கு பார்சிலோனாவில் ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம். "தண்ணியில படகு ஓடறதைப் பார்க்க அவ்வளவு தூரமா? நம்ம உக்கடம் குளத்துலயே விடறாங்களே" என்று நேற்று கேட்டுவிட்டான். அதோடு முடிந்தது என்றுதான் இருந்தாள்.

"பிளேன்ல ரெண்டு பேருக்கும் ஜன்னல் சீட்டு போட்டுரு கண்ணு."

"பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஜன்னல் வராதுங்க சார். ஒருத்தருக்கு ஜன்னல், இன்னொருத்தருக்கு அதுக்கடுத்த சீட்டு..."

"அதெல்லாம் ஆவாதுங்க" என்றார் ராமாமணி. "அவரு பாக்கற மேகத்தை நானும் பாக்கோணுமில்லீங்க?"

லியோ அவளுக்கு இதுவரை பஸ்ஸில்கூட ஜன்னல் தந்ததில்லை. ஜோவிதா மரியாதையோடு இரண்டு ஜன்னல் என்று குறித்துக்கொண்டாள்.

"ஹோட்டல்ல கட்டில் தனித்தனியாங்க, ஒண்ணாங்க?"

"ஒண்ணே போதும். அவரு படுக்கற கட்டில்லயே நானும் படுத்துக்குவேன்." ராமாமணி வெட்கமே படாமல் சொன்னார். வெட்கம் ஜோவிதாவுக்குத்தான் வந்தது.

"வெனிஸ்ல படகு சவாரி உண்டுங்களா? ஆளுக்கு இத்தனைன்னு வாங்குவாங்களா, படகுக்கு இத்தனைன்னு வாங்குவாங்களா?" என்று ராமாமணியே விசாரித்தார்.

"படகுக்குத்தாங்க."

"பாத்தீங்களா, இதுல நமக்கு நட்டம்" என்று ராமாமணி கணவரிடம் சொன்னார்.

"போனாப் போவுது அம்மணி. ஆசைப்பட்டுப்போட்டோம்."

நஷ்டம் என்னவென்று ஜோவிதாவுக்குப் புரியவில்லை. ஆனால் 'போனாப் போவுது' என்று ஓர் ஆண்பிள்ளை மனைவியைப் பார்த்துச் சொல்லிக் கேட்பது அவளுக்கு இதுதான் முதல்முறை.

"முக்கியமானது போட்டோ." நஞ்சுண்டன் எழுந்து நின்றார். "டவருக்கு முன்னால நான் எடது பக்கம் நிப்பேன். அம்மணி வலது பக்கம். போட்டோக்காரரு ஒரே எடத்துல நின்னு எடுக்கோணும், அங்க இங்க நவுரக் கூடாது. நான் தோள்மேல கை போட்டாப்பல இப்படி நிப்பேன்."

வலது கையை நீட்டிக் காட்டினார். ராமாமணி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்தக் கை, அவர் எழுந்து நின்றால் தோள் எங்கே இருக்குமோ சரியாக அந்த உயரத்தில், அந்தரத்தில் நின்றது. கொஞ்சம்கூட ஆடவில்லை. அந்த வெற்றிடத்தை ராமாமணி அண்ணாந்து பார்த்து, "இன்னும் துளி எறக்குங்க" என்றார். இறக்கினார்.

பூசையில் மணி அடிக்கும்போது வருகிற அமைதி ஜோவிதாவுக்கு அந்த ஏசி அறையில் வந்தது. மனைவியின் தோள் உயரம் கைக்கே மனப்பாடமாகிப்போன ஒரு மனிதர்! முப்பது வருஷம் ஒட்டி வாழ்ந்தால்தான் இது வரும். இவர்களுக்கு முன்னால் வெனிஸ் என்ன, பார்சிலோனா என்ன?

மேசைக்கு அடியில் போனை எடுத்தாள். ஓலை வாசகத்தை அழித்தாள். 'பார்சிலோனாவே போகலாம். நீ எங்கேயோ நானும் அங்கேதான்' என்று அடித்து, யோசிப்பதற்குள் அனுப்பினாள். அவன் படித்ததற்கான நீல டிக் விழுந்தது. 'ஸ்டேடியம் டிக்கெட் போட்டுட்டேன், திருப்பித் தர மாட்டாங்களாம்' என்று மறு நிமிஷமே பதில் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்பத் தேதி சொல்லுங்க சார்."

"எனக்கு ஏப்ரல் அஞ்சாந்தேதி போட்டுரு கண்ணு. நான் ஊடு வந்து சேர்ந்த மறுநாள் அம்மணிக்குப் போட்டுரு."

"ரெண்டு பேரும்... ஒண்ணாப் போகலீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பச்சைக் குழந்தை கேட்ட கேள்விபோல இருந்தது அவர்களுக்கு.

"எங்க மயிலை மாடு எங்க ரெண்டு பேரைத் தவிர வேற ஆரு வந்து மடியில கை வெச்சாலும் ஒதச்சுப்போடும், அதோட ஆத்தாளும் அப்படித்தான்" என்றார் ராமாமணி. "முப்பது வருசத்துல நாங்க ஒண்ணா ஒரு ராத்திரி வெளியூர்ல தங்குனதில்லை கண்ணு, ஆளுக்கொண்ணா எடுத்த போட்டோவையெல்லாம் எங்கூரு ஸ்டூடியோக்காரருதான் ஒண்ணா ஒட்டிக் குடுக்கறாரு!"