பூட்டிய அலமாரியின் நாவல்

அந்த நூலகத்துச் சுண்டெலிக்கு நாவல் என்றால் உயிர். படிக்க அல்ல, தின்ன. திறந்த அலமாரிகளில் எத்தனையோ கிடந்தன. ஆனால் மூலையிலிருந்த மர அலமாரியில் புதிதாக ஒரு பூட்டு தொங்குவதைப் பார்த்த நாள் முதல், மற்றதெல்லாம் அதற்கு வைக்கோலாகிவிட்டது.

"பூட்டி வச்சிருக்காங்கன்னா உள்ளே ஏதோ விவகாரமான கதைதான்" என்றது சுவர்ப் பல்லியிடம்.

"வேண்டாம்னு நான் சொன்னா இன்னும் வேகமாக் கடிப்பே. அதனால சொல்லல" என்றது பல்லி.

பதினோரு நாள் தேக்குக் கதவைக் கடித்ததில் எலிக்கு முன்பல் ஒன்று பாதி போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் ஓட்டை வழியே உள்ளே விழுந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு நாவல். அதன் ஓரமெல்லாம் பற்குறிகள். உற்றுப் பார்த்தால், தன்னுடையவையேதான்! போன மாதம் இரண்டு பக்கம் தின்றுவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று துப்பிய அதே புத்தகம். எலி கடிக்கிறதென்றுதான் நூலகர் அதை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்.

"என்னப்பா, கதை எப்படி?" என்று வெளியிலிருந்து கேட்டது பல்லி.

எலி கொஞ்சம் வெட்கப்பட்டது. பிறகு மூன்றாம் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டது. கண் சொருகியது.

"போன மாசம் எனக்குத்தான் நாக்கு செத்துப் போயிருந்திருக்கு!"